உப்புக் கரித்த பலகை

அத்தியாயம் மூன்று

மொக்கைச்சாமிக்கு ஒரு கொள்கை இருந்தது. கொலை நடந்த வீட்டுக்குச் சைக்கிளில் போகக் கூடாது. அவசரமாகத் திரும்பி ஓடிவர வேண்டிய நேரத்தில்தான் செயின் கழன்றுகொள்ளும். ஆனால் துப்பறியும் சோலைமுத்துவிடம் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். அதை மிதிப்பவன் மொக்கைச்சாமி, பின்னால் உட்கார்ந்து யோசிப்பவர் சோலைமுத்து. பேகம்பூர்ப் பக்கம் பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் அறுந்த இடத்தில் மொக்கைச்சாமி குத்தியிருந்த ஊக்கு வேறு நெஞ்சைச் சுட்டது.

"அண்ணே, இது கொலைக் கேசா, காணாமப் போன கேசா? சொல்லிப்புட்டீங்கன்னா அதுக்குத் தக்கன மிதிப்பேன்."

"அது தெரிஞ்சா நாம ஏம்லே போறோம்? மிதி."

காலையில் பெயிண்டர் சூசைமுத்துவின் மனைவி லூர்தம்மாள் வந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள். விஷயம் இதுதான். தோல் வியாபாரி பீர் முகமது ராவுத்தர் தன் மகளின் நிக்காஹுக்காக வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சூசைமுத்துவை அமர்த்தினார். அடித்த பெயிண்ட் ஒரே இடத்தில் கொப்புளித்தது. சுரண்டி அடித்தால் மறுபடி கொப்புளித்தது. கலப்படக்காரப் பயலே என்று ராவுத்தர் நடுத்தெருவில் வைத்துத் திட்ட, "ஒங்கள உண்டு இல்லன்னு ஆக்காம விடமாட்டேன்" என்று சூசைமுத்து வாயை விட்டுவிட்டான். அன்று ராத்திரியோடு ராவுத்தர் மாயமானார்.

அவர் ஆம்பூருக்குத் தோல் வாங்கப் போயிருக்கிறார் என்றாள் மனைவி காதர் பீவி. தம்பி சனாவுல்லா ஆம்பூருக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டார். அங்கே ராவுத்தரின் நிழல்கூட விழவில்லை என்று தெரிந்ததும் போலீசில் எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரர்கள் சூசைமுத்துவின் வீட்டைக் குடைந்ததில் சிவப்புக் கறை படிந்த வேட்டி ஒன்று கிடைத்தது. பெயிண்டர் வேட்டியில் சிவப்பு இல்லாமல் சந்தனமா இருக்கும் என்று லூர்தம்மாள் கேட்ட கேள்விக்கு ஸ்டேஷனில் யாரும் பதில் சொல்லவில்லை. நாளைக் காலை அவனை மதுரைக்குக் கொண்டு போகிறார்கள், கொலைக் குற்றம் சாட்டி. அந்தக் கேஸ் கோர்ட் ஏறிவிட்டால் அவன் கழுத்துக்கு உத்தரவாதம் கிடையாது.

சோலைமுத்து ரயில்வேயில் கிளெய்ம்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். சரக்கு நனைந்து போனால், அது நனைந்தது வேகனிலா, அனுப்பியவன் கிடங்கிலா என்று மூட்டையை முகர்ந்தே சொல்லிவிடுவார். இதனால் ரயில்வேயும் வியாபாரிகளும் ஒற்றுமையாக அவரை வெறுத்தார்கள். துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அவர் புத்தி மூட்டையை விட்டு வெளியே வரவில்லை என்பது மொக்கைச்சாமியின் அபிப்பிராயம்.

ராவுத்தர் வீட்டுக்குக் கீழ்த்தளம் கருங்கல், மேல்தளம் முழுக்கப் பர்மாத் தேக்கு. அவருடைய தகப்பனார் ரங்கூனில் கடை வைத்திருந்த நாளில் கொண்டுவந்து கட்டியது. வடக்குப் பக்கம் சூசைமுத்து கட்டிய சவுக்குக் கம்புச் சாரம் பிரிக்கப்படாமல் நின்றது.

வாசலிலேயே சனாவுல்லா எதிர்கொண்டார். இடுப்பில் தோல் பதனிடும் ஷாப்பின் சாவிக் கொத்து, மணிக்கட்டில் புது வாட்ச், முகத்தில் தேவைக்கு மேல் ஒரு துக்கம். மொக்கைச்சாமிக்கு அந்த மூன்றுமே பிடிக்கவில்லை.

"போலீசுதான் ஆளப் புடிச்சுட்டாங்களே, இன்னும் என்ன துப்பு?" என்றார் சனாவுல்லா.

"ஆளப் புடிச்சாங்க. ஒங்கண்ணன இன்னும் புடிக்கலையே" என்றார் சோலைமுத்து. "அவருகிட்ட சமீபத்துல ஏதாச்சும் மாத்தம் தெரிஞ்சுச்சா?"

சனாவுல்லா யோசித்தார். "பெருசா ஒண்ணுமில்ல. இந்த வேகாத வெயில்ல பூட்ஸ் போட ஆரம்பிச்சாரு, காலுறையோட. அப்புறம் பள்ளிவாசல் தொட்டியில எங்களோட உக்காந்து ஒளு செய்யுறத விட்டுட்டாரு. வீட்லயே முகம், கை, காலெல்லாம் கழுவிட்டு நேரா தொழுகைக்கு வந்து நிப்பாரு. ஒரு மாசமா இப்படித்தான். பெரிய மனுசன், அவரு இஷ்டம்னு நானும் கேக்கல."

அவர் நகர்ந்ததும் மொக்கைச்சாமி குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, அண்ணன் போனாரு, சாவி தம்பி இடுப்புக்கு வந்துருச்சு. புது வாட்ச்சு வேற. என்னப் பொறுத்தவரைக்கும் கேசு முடிஞ்சுபோச்சு."

"அந்த வாட்ச்சு ஓடுதான்னு பாத்தியா?"

"இல்ல."

"அப்பக் கேசும் ஓடல. வா, சுவத்தப் பாப்போம்."

முதலில் மேற்குச் சுவர். பழைய பெயிண்ட் வறண்ட கண்மாய்த் தரையாகப் பாளம் பாளமாக வெடித்திருந்த இடங்களைச் சுரண்டி, பட்டி வைத்து, மேலே புதுப் பச்சை அடித்திருந்தான் சூசைமுத்து. அதிலும் இரண்டு மூன்று கொப்புளங்கள். சோலைமுத்து பேனாக்கத்தியால் ஒன்றைக் கீறினார். தோல் உரிந்த இடத்தில் அடிப்பூச்சு அலுங்காமல் இருந்தது.

"இது வெயில் கொப்புளம். சுடுற பலகையில பெயிண்ட் அடிச்சா மேல்தோல் சீக்கிரம் காஞ்சு உப்பும். அடியில ஒண்ணும் ஆகாது. அவன் மத்தியானத்துல அடிச்சது தப்பு."

"அப்ப ராவுத்தர் திட்டுனது நியாயந்தான்."

"அவரு இதுக்குத் திட்டல. வடக்குப் பக்கம் வா."

வடக்குப் பக்கம் சாரத்தில் ஏறினார்கள். மூடிக் கிடந்த ஒரு ஜன்னலுக்கு நேர் கீழே, அடிப் பலகை ஒன்றில் மட்டும் கொப்புளங்கள் வரிசையாகப் புடைத்து நின்றன. அதற்கு மேலே உள்ள பலகையும், அக்கம்பக்கத்துப் பலகைகளும் நேற்று அடித்த மாதிரிப் பளபளத்தன. சோலைமுத்து கீறினார். இந்த முறை அடிப்பூச்சைக் காணோம். பச்சையும் பட்டியும் எல்லாம் ஒன்றாகக் கழன்று வந்து, உள்ளே மரம் மொட்டையாக, ஈரத்தில் கறுத்துத் தெரிந்தது. மரத்தின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது.

"வடக்குச் சுவத்துல வெயில் படுமாலே?"

"படாது. மழையில நனைஞ்சிருக்கும்."

"மழ எப்பப் பேஞ்சுச்சு?"

"போன மாசம் ஓட்டுக் கேட்டு வந்தவங்க பெய்யும்னு சொன்னாங்க. அதோட சரி."

"அந்த வெள்ளைய நக்கிப் பாரு."

மொக்கைச்சாமி சோலைமுத்துவைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், கீழே சைக்கிளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "இதெல்லாம் சம்பளத்துல சேத்தியாண்ணே?" என்று கேட்டுவிட்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் சுருங்கியது. "உப்பு. சூசைமுத்து உப்புத்தாள் போட்டுத் தேச்சிருப்பான்ல, அதான்."

"உப்புத்தாள்ல உப்பு கெடையாதுடா, மண்ணாங்கட்டி. மழைத் தண்ணியும் கரிக்காது. இந்தத் தெருக் கெணத்துத் தண்ணிதான் கரிக்கும். தோலுக்குப் போடுற உப்பு அம்புட்டும் பூமிக்குள்ள எறங்கியிருக்கு." சோலைமுத்து கத்தியை மடக்கினார். "கெணத்துத் தண்ணி தானா மாடி ஏறாது. மேல யாரோ கொண்டு போறாங்க, உள்பக்கம் ஊத்துறாங்க. பலகை குடிச்ச ஈரம் வெளிய வரப் பாக்குது, வழிய மறிச்சு நிக்கிற பெயிண்டத் தள்ளுது. இவன் ஆயிரந்தடவ சுரண்டி அடிச்சாலும் நிக்காது."

"அந்த ரூம்புலயா? ஜன்னல்கூடத் தொறக்கலையே."

"அதத்தான் கேக்கணும்."

காதர் பீவி கூடத்துக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பேசினாள். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. அப்படி வருகிற பதில்களை மொக்கைச்சாமி நம்புவதில்லை. சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த காலத்தில், டிக்கெட் இல்லாதவன்தான் முந்திக்கொண்டு பேசுவான்.

"வடக்கு ரூம்பா? அது பூட்டிக் கெடக்குதுங்க. ஒடஞ்ச பெட்டி, பழைய சாமான்தான் உள்ள."

"தண்ணி கிண்ணி ஏதாச்சும்?"

"அங்க யாரு போறா, தண்ணிக்கு. சாவிகூட அவுகளோட போயிருச்சு."

பக்கத்தில் நின்ற சனாவுல்லா, "அப்ப பூட்ட ஒடச்சுப் பாத்துருவமே, மதினி. இவுகளுக்கும் சந்தேகம் தீரும்" என்றார்.

"வேணாம்." திரை ஆடியது. "பொண்ணோட சீர் சாமான் அம்புட்டும் அதுலதான் அடுக்கியிருக்கு. நிக்காஹுக்கு முந்தி கண்டவுக கண்ணு படக் கூடாது."

சோலைமுத்து வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். முற்றத்தைத் தாண்டியதும் மொக்கைச்சாமி, "பழைய சாமான் ஒரு நிமிசத்துல சீர் சாமானாயிருச்சேண்ணே. இந்த வித்தை தெரிஞ்சா நானும் கல்யாணம் பண்ணிருப்பேன்" என்றான். சோலைமுத்து சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. பொய் சொல்கிற ஆள் பயந்து சொல்கிறாளா, கெட்ட எண்ணத்தில் சொல்கிறாளா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. சனாவுல்லா தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். சோலைமுத்து சட்டென்று திரும்பிச் சாரத்தில் ஏறினார். வயது ஐம்பதைத் தாண்டிய மனிதர் அவ்வளவு வேகமாக ஏறி மொக்கைச்சாமி பார்த்ததில்லை.

"பேசாத. அந்த இடுக்கையே பாரு."

இருவரும் அடிப் பலகையின் இணைப்பையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பலகைக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு கோடு கறுத்தது. கறுத்த கோட்டில் ஒரு சொட்டு திரண்டது. அது வழிந்து சூசைமுத்துவின் பச்சைப் பெயிண்ட் மேல் இறங்கியது.

மொக்கைச்சாமி சாரக் கம்பைக் கட்டிக்கொண்டான். "அண்ணே, பேயி."

"பாங்கு சொன்ன பெறகு கை கால் கழுவுற பேயாலே?"

அப்போதுதான் மொக்கைச்சாமிக்கு உறைத்தது. பள்ளிவாசல் தொட்டிப் பக்கம் போகாத மனிதர், வீட்டிலேயே ஒளு செய்துவிட்டு வந்த மனிதர். "ராவுத்தர் உள்ள இருக்காரு" என்று முணுமுணுத்தான். "அடப்பாவி. தம்பிக்காரன் அண்ணனப் புடிச்சு அடைச்சு வச்சிருக்கான். வாங்கண்ணே, ஓடிப்போய்ப் போலீசக் கூட்டியாருவோம்."

"அடைச்சு வச்சவன் பூட்ட ஒடைப்பம்னு சொல்லுவானா? அவன் வாட்ச்ச விட்டுத் தொல." சோலைமுத்து பலகையில் கையை வைத்தார். "ஒரு மாசமா இதே எடத்துல ஊறியிருக்கு. ஆளு காணாமப் போயி ஒரு வாரந்தான் ஆச்சு. அதுக்கு முந்தியே இங்கதான் யாருக்கும் தெரியாம ஒளு செஞ்சிருக்காரு. எதையோ மறைக்கிறாரு. செத்த நேரம் பொறு. தொழுது முடிக்கட்டும்."

உள்ளே துணி உரசுகிற சத்தம், முழங்கால் தரையில் படுகிற சத்தம், பிறகு அமைதி. சோலைமுத்து விரல் முட்டியால் பலகையைத் தட்டினார்.

"ராவுத்தரே. எம்பேரு சோலைமுத்து. ஒங்களப் புடிக்க வரல. ஒங்களக் கொன்னதாச் சொல்லிச் சூசைமுத்துவ லாக்கப்புல வச்சிருக்காங்க. விடிஞ்சா மதுரைக்குக் கொண்டு போறாங்க. அத மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

பலகைக்கு அந்தப் பக்கம் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு நைந்த ஒரு குரல் வந்தது.

"எந்தச் சூசைமுத்து?"

"ஒங்க வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்ச சூசைமுத்து."

ஜன்னலின் தாழ்ப்பாள் விலகியது. உள்ளேயிருந்து விலகியது. கதவு திறந்து, ஒரு வாரமாக ஒதுக்காத தாடியோடு பீர் முகமது ராவுத்தர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். எவனும் அவரை அடைத்து வைக்கவில்லை. அவரே விரும்பித்தான் உள்ளே அடைந்து கிடந்திருக்கிறார்.

சோலைமுத்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்க, அவனும் இறங்கினான். ஒரு பாய், ஒரு குடம், சுவரோரம் ஒரு முக்காலி. முக்காலியடியில் தரை சரிந்து, ஈரம் சுவரை நோக்கி ஓடியிருந்தது. சத்தம் கேட்டுக் காதர் பீவி மாடிக்கு ஓடிவந்து பூட்டைத் திறந்தாள். கணவரோடு போய்விட்டதாகச் சொன்ன சாவி அவள் முந்தானையிலேயே முடிச்சாக இருந்தது.

"சூசைமுத்துவப் புடிச்சது ஒனக்குத் தெரியுமா?" என்று ராவுத்தர் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்தாள். "தெரியும். சொன்னா நீங்க எறங்கி வந்துருவீக. அடுத்த வாரம் நிக்காஹ் இருக்கு. அது முடிஞ்சதும் நானே போயிச் சொல்லிரலாம்னுதான்..."

"நாளைக்கு அவனக் கொண்டு போறாங்களாம். அடுத்த வாரம் நீ யாருகிட்டப் போயிச் சொல்லுவ?" அவர் குரல் உயரவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "ஒருத்தன் உசுர எடுத்து எம் பொண்ணுக்குச் சீர் வைக்கவா? நிக்காஹ் நின்னா நின்னுட்டுப் போவுது. எம் பூட்ஸ எடு."

"பூட்ஸ் எதுக்கு?" என்றார் சோலைமுத்து. "வெயில் தாந்துருச்சே."

ராவுத்தர் கைலியைச் சற்றுத் தூக்கிப் பாதத்தைக் காட்டினார். கணுக்காலைச் சுற்றி வெளேரென்று ஒரு திட்டு. இடது மணிக்கட்டிலும் ஒன்று, நாலணா அகலத்தில்.

"காலோட நின்னிருந்தா பூட்ஸப் போட்டு மறச்சிருப்பேன். கைக்கும் வந்துருச்சு. அன்னைக்கு அவங்கிட்டக் கைய நீட்டிச் சண்ட போட்டேன்ல, தெருவே என் கையப் பாத்த மாதிரி இருந்துச்சு. அப்பன் குஷ்டரோகின்னு தெரிஞ்சா எம் பொண்ண எவன் கட்டுவான்? நிக்காஹ் முடிஞ்சதும் எங்கயாச்சும் கண்காணாமப் போயிரலாம்னு இருந்தேன்."

"எந்த டாக்டர் சொன்னாரு, குஷ்டம்னு?"

"டாக்டருகிட்டப் போனா ஊருக்குத் தெரிஞ்சுரும்ல."

சோலைமுத்து ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். "ஏலே மொக்கை, ஒன் ஊக்கக் குடு."

"சட்ட தொறந்துக்குமேண்ணே."

"ஒன் நெஞ்ச யாரும் பாக்கப் போறதில்ல. ராவுத்தரே, முக்காலில உக்காந்து கண்ண மூடுங்க."

ராவுத்தர் மூடினார். சோலைமுத்து குனிந்து, வெள்ளைத் திட்டின் நடுவில் ஊக்கு முனையை மெல்ல வைத்து அழுத்தினார்.

"என்ன பண்றீக, குத்துதே."

"எந்த எடத்துல?"

"கணுக்காலுல. வெள்ளை மேலதான்."

"சரக்கு ஷெட்டுல என்னோட வேல பாத்த ஒருத்தனுக்கு அந்த நோய் வந்துச்சு. அவன் திட்டு மேல பீடி நெருப்பு விழுந்தாலும் அவனுக்குத் தெரியாது. ஒங்களுக்கு ஊக்கு தெரியுது. நான் டாக்டர் இல்ல, அவருதான் முடிவாச் சொல்லணும். ஆனா நான் பாத்த நோய் இதில்ல."

ராவுத்தர் கண்ணைத் திறக்கவேயில்லை.

"இன்னொரு தடவ குத்துங்க" என்றார்.

சோலைமுத்து குத்தினார். ராவுத்தர் ஊக்கைக் கையில் வாங்கித் தானே மணிக்கட்டிலும் குத்திப் பார்த்தார். காதர் பீவி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். அவள் மேல் மொக்கைச்சாமிக்குக் கோபம் இருந்தது, இரக்கமும் வந்தது. இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பூட்ஸ் எடுத்து வைத்தபடியே கிடந்தது. ராவுத்தர் வெறுங்காலோடு படி இறங்கினார்.

தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த சனாவுல்லா அண்ணனைக் கண்டு தெருவிலேயே நின்றுவிட்டார். பிறகு ஓடிவந்து கட்டிக்கொண்டு, தேவைக்கு மேல் அழுதார். இந்த மனிதருக்கு எல்லாமே தேவைக்கு மேல்தான் வரும்போல என்று மொக்கைச்சாமி மனசுக்குள் அவரை மன்னித்தான். ஒரு வாரமாகச் செத்துப்போயிருந்த மனிதர் கடைத்தெரு வழியே நடந்தார். கடைக்காரர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அப்புறம் காலைப் பார்த்தார்கள். அவர் மறைக்கவில்லை. ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்போது பின்னால் பாதித் தெரு வந்திருந்தது.

ஸ்டேஷன் வாசலில் சுருண்டு கிடந்த லூர்தம்மாள் எழுந்து நின்றாள். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கொலையுண்டவரை உட்காரச் சொன்னார். ராவுத்தர் உட்காரவில்லை. நேரே லாக்கப்புக் கம்பிக்கு முன்னால் போய் நின்றார்.

சூசைமுத்துவின் கன்னம் வீங்கியிருந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தான். திட்டுவான் என்று மொக்கைச்சாமி எதிர்பார்த்தான். திட்டினாலும் தப்பில்லை என்றுதான் தோன்றியது.

"அந்த வடக்குப் பலகை மறுபடி கொப்புளிச்சுச்சா, மொதலாளி?" என்றான் சூசைமுத்து.

"கொப்புளிச்சுச்சு. உள்ளருந்து நாந்தான் தண்ணி ஊத்தியிருக்கேன். ஒம் மேல தப்பில்ல. ஒம் பெயிண்டு நல்ல பெயிண்டு."

சூசைமுத்து கம்பியை விட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். உதடு கோணியது. "என்னத் தெருவுல வச்சு ஊரே கேக்கத் திட்டுனீக" என்றான். "இதையும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

ராவுத்தர் வாசலைப் பார்க்கத் திரும்பினார். மொக்கைச்சாமியின் ஊக்கு இன்னும் அவர் விரலிடுக்கில்தான் இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அவர் அதை மறுபடியும் சொன்னார்.